கேமரன் மலையில் அக்காவோடு தனியாக நடக்க ஒரு பாதை

கேமரன் மலையில் நடக்க எந்தப் பாதை நல்லது என்று என்னிடம் கேட்பவர்களை, யாரோடு போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பது வழக்கம். கிண்டலுக்குக் கேட்பதில்லை. 1982 ஆகஸ்டில் நான் முதன்முதலாக அங்கே போனபோது பாதைகளைத் தேர்ந்தெடுத்ததே அந்த ஒரு கணக்கை வைத்துத்தான். காட்சியும் வேண்டாம், குளிர்காற்றும் வேண்டாம், என் அக்காவோடு ஒரு மணி நேரம் தனியாக நடந்தால் போதும் என்று போனேன். அந்த ஒரு மணி நேரம் கிடைப்பதற்குள் என் முழங்கால் இரண்டும் கழன்றுவிட்டன.

என் ஊர் லுமுட். மலேசியாவின் மேற்குக் கடலோரத்துச் சின்ன டவுன். ஊருக்குப் பின்னால் காடு மூடிய குன்று ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதில் ஏறி இறங்குவது எனக்கும் அக்காவுக்கும் பள்ளிக்கூட நாளிலிருந்தே பழக்கம். ஒரு பாதை கடற்கரைக்கு இறங்கும், இன்னொன்று உச்சிக்குப் போகும். அக்காவுக்குக் கடல் வேண்டும், எனக்கு உச்சி வேண்டும். பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள். அவளுக்குச் சரசு என்று பெயர். எனக்கு மூன்று வயது மூத்தவள்.

அவளை மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கட்டிக்கொடுத்து அப்போது நாலு வருடம் ஆகியிருந்தது. தரகர் வந்து, "குளுகுளுன்னு இருக்கும்மா, வெள்ளைக்காரனே ஆசைப்பட்டு வந்து இருந்த ஊரு" என்று அளந்துவிட்டுப் போனார். மாப்பிள்ளை கோவிந்தன் மாமாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவர் இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை தீபாவளிக்கு இருவரும் வருவார்கள். அக்காவின் மாமியாரும் கூடவே வருவார். இரண்டே நாளில் மூவரும் கிளம்பிவிடுவார்கள். கடைசியாக வந்தபோது அக்கா பாதியாக இளைத்திருந்தாள். யார் என்ன சொன்னாலும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

அம்மாவுக்கும் பிடிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அடுப்படிக்குள் என்னை இழுத்து வைத்துச் சொன்னார்: "நீ ஒரு நடை போயிட்டு வா. வாயால கேக்காத, மொகத்தைப் பாரு. அவ அங்க நல்லா இல்லன்னா கையோட கூட்டிக்கிட்டு வந்துடு. ஊரு என்னா சொல்லும்னு நான் பாத்துக்கிறேன்."

எங்கள் பக்கத்தில் ஒரு தாய் இதைச் சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுத் துணிவு வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். கட்டிக்கொடுத்த பெண்ணை ‘போய்க் கூட்டிக்கொண்டு வா’ என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிட மாட்டார்கள். அதனால் நான் மலை ஏறப் போவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்தேன். அது பொய்யும் இல்லை. நான் அப்போது ஒரு சப்பாத்துக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். புறப்படும்முன் கடையிலேயே இரண்டு ஜோடி வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து வாங்கிக்கொண்டேன். எனக்கும் அக்காவுக்கும் ஒரே அளவுக் கால்.

அந்தக் காலத்தில் மலைக்கு ஒரே வழிதான், தாப்பாவிலிருந்து ஏற வேண்டும். விடியற்காலை முதல் பஸ்ஸில் ஈப்போ, அங்கிருந்து தாப்பா, அங்கே பஸ் மாறி மேலே. தாப்பாவிலிருந்து தானா ராத்தா சுமார் அறுபது கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அத்தனையும் வளைவு. வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், வயிறு முட்டப் பசியாறிவிட்டும் ஏறாதீர்கள். நான் இரண்டாவதைச் செய்தேன். ரிங்லெட் வருவதற்குள் சன்னலோரத்து ஆள் எழுந்து எனக்கு இடம் கொடுத்துவிட்டார், பாவம்.

தானா ராத்தாவில் இறங்கியபோது, அக்காவின் எஸ்டேட் பக்கம் போகும் கம்போங் ராஜா பஸ் போய்விட்டிருந்தது. காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பும் லோரி ஒன்றை நிறுத்தினேன். ஓட்டுநர் நம்ம ஆள், ஐம்பது வயதிருக்கும்.

"எந்த எஸ்டேட்டும்மா? யாரு வீட்டுக்கு?"

"மாரியாயி வீட்டுக்கு. அவங்க மருமக என் அக்கா."

"அட, மாரியாயி சம்பந்தி வீட்டுப் பொண்ணா! ஏறுலா, ஏறு. என்னா விசேசம்?"

"ஒண்ணும் இல்லண்ணே. மலையில நடக்கலாம்னு வந்தேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நடக்கவா? நடக்க முடியாமதான் நான் லோரி ஓட்டக் கத்துக்கிட்டேன். நீ என்னடான்னா காசு போட்டு நடக்க வர்றியே!" பிரிஞ்சாங் தாண்டும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார்.

எஸ்டேட் பெயரை எழுதப் போவதில்லை. பிரிஞ்சாங்குக்கும் கம்போங் ராஜாவுக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். லோரி விட்ட இடத்திலிருந்து தேயிலைக்கு நடுவே இரண்டு கட்டை நடந்தால் லைன் வீடுகள். (மைலைத்தான் அங்கே கட்டை என்பார்கள்.) ஒரே கூரைக்குக் கீழே ஆறு குடும்பம். நடுவில் வெறும் பலகைச் சுவர். பக்கத்து வீட்டில் ஒருவர் இருமினால் இங்கிருந்தே தண்ணீர் நீட்டலாம், அவ்வளவு நெருக்கம். அந்த வீட்டில் உட்கார்ந்து யாரிடமும் மனம்விட்டு ஒரு வார்த்தை பேச முடியாது என்பது போன பத்தாவது நிமிடத்தில் எனக்கு விளங்கிவிட்டது.

அக்கா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. கோவிந்தன் மாமா, "வா மாலா, பிரயாணம்லாம் சௌகரியமா?" என்று கேட்டுவிட்டு இரவு வேலைக்குப் புறப்பட்டுப் போனார். மாரியாயி அத்தை தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அவருக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. ஒல்லி, நல்ல உயரம். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்த கை.

நான் பையைத் திறந்து சப்பாத்தை எடுத்து அக்காவிடம் நீட்டினேன். அத்தை நடுவில் வாங்கி அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"நடக்கறதுக்கா?"

"ஆமா அத்தை. வழுக்காது, நல்லா பிடிக்கும்."

"ரொம்பத் தூரம் நடக்கலாமா?"

"எவ்வளவு தூரம் வேணும்னாலும் நடக்கலாம்!" என்று கடைக்காரி கணக்காகப் பெருமையடித்தேன்.

அவர் சப்பாத்தைக் கதவோரம் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். என் ஊர்ச் சரக்கு அத்தைக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் பாதை, தானா ராத்தாவின் அருவிப் பாதை. மறுநாள் ஞாயிறு, எல்லோருக்கும் ஓய்வு நாள். ஊரை ஒட்டியே நிழலில் போகிற வழி. ஏற்றம் அதிகம் இல்லை. போக அரை மணி, வர அரை மணி. குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் முதல்முறை நடக்கிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். எனக்கு அது பேச வசதியான பாதையாகத் தெரிந்தது. வாசலில் இறங்கும்போது அத்தை தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"நானும் வர்றேன். புதுசா வந்த புள்ளையைத் தனியா விட்டா நல்லாவா இருக்கும்?"

"உங்களுக்கு எதுக்கு அத்தை சிரமம்?"

"எனக்கென்னா சிரமம்? முதுகுல கூடை இல்லாம நடந்தா அதுவே எனக்கு லீவு."

நடந்தார். ஜப்பான் சிலிப்பரைப் போட்டுக்கொண்டு எங்கள் இருவருக்கும் நடுவில் நடந்தார். பாறையில் உட்கார்ந்தால் நடுவில் உட்கார்ந்தார். அவித்த மரவள்ளிக்கிழங்கை ஆளுக்குப் பாதியாகப் பிட்டுக் கொடுத்தார். ஒதுங்கப் போகிறோம் என்று எழுந்தால், "பாம்பு கெடக்கும்" என்று கூடவே எழுந்தார். அருவி அழகாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன். நான் அதைப் பார்க்கவில்லை.

இரண்டாவது பாதை, பிரிஞ்சாங் மலையுச்சி. இரண்டாயிரம் மீட்டர் உயரம். தேயிலைக் காட்டுக்குள் தார்ச் சாலையாகத் தொடங்கி, மேலே போகப் போக ஒற்றையடிப் பாதையாகிப் பாசி பிடித்த காட்டுக்குள் நுழைந்துவிடும். மரம், வேர், கல் எல்லாம் பாசி. கால் வைத்தால் மெத்தையாக அமுங்கும். நாங்கள் எஸ்டேட் பக்கமிருந்து ஏறியதால் மூன்று மணி நேரம் ஆனது. காலையில் சீக்கிரம் போய்விட வேண்டும். மதியம் இரண்டுக்குமேல் அங்கே மழை தவறாமல் வந்துவிடும்.

அன்றைக்குத் திங்கள். அக்காவும் கொழுந்து பறிக்கிறவள்தான், எஸ்டேட் கணக்குப் பார்க்கும் கிராணியிடம் சொல்லி லீவு எடுத்திருந்தாள். அத்தை வேலைக்குப் போய்விடுவார், நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் என்று எனக்கு ஒரே குஷி. விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் எடுக்கும் பெரட்டுக்கு லைனே கிளம்பிப் போனது. அத்தை போகவில்லை. காய்ச்சல் அடித்தாலும் பெரட்டுக்குப் போகிற ஆள், வாசலில் நின்று சிலிப்பரைக் கழுவிக்கொண்டிருந்தார். கூடையை மாட்டிக்கொண்டு போன பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா நின்று பார்த்தாள்.

"என்னா மாரியாயி, மருமவளுக்குக் காவலா?"

"உன் சோலியைப் பாத்துக்கிட்டுப் போலா."

எனக்குச் சுருக்கென்றது. வேடிக்கையாகச் சொன்னாலும் அஞ்சலை அக்கா சொன்னது உண்மை என்றுதான் தோன்றியது. வழியெல்லாம் அதையே அரைத்துக்கொண்டு நடந்தேன். உச்சிக்குப் பக்கத்தில் பனிமூட்டம் இறங்கியது. அத்தை எங்கோ குனிந்து காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அக்கா சட்டென்று வேகமாக முன்னே நடந்தாள், நானும் பின்னாலேயே போனேன். பத்தடியில் ஆள் தெரியாத வெள்ளை. அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அக்கா, நீ நல்லா இருக்கியா? உண்மையைச் சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னாலிருந்து சிலிப்பர் சத்தம் சடசடவென்று வந்தது.

"சரசு! சரசு! முன்னால போவாத, பள்ளம் இருக்கு!"

மூட்டத்துக்குள்ளிருந்து அத்தை வந்து நின்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. முப்பது வருடம் மேட்டில் ஏறி இறங்கியவர், ஓடி வந்திருந்தார். அக்கா வாயை மூடிக்கொண்டாள். நாங்கள் மூவரும் உச்சியில் நின்று ஒன்றுமே தெரியாத வெள்ளையைப் பார்த்துவிட்டு இறங்கினோம்.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல! இந்த அம்மாள் என் அக்காவைப் பூட்டித்தான் வைத்திருக்கிறார், இனி முகத்தைப் பார்க்க வேண்டியது ஒன்றும் இல்லை, கூட்டிக்கொண்டு போய்விட வேண்டியதுதான் என்று முடிவு கட்டினேன். அதற்கும் அவளோடு பேசியாக வேண்டுமே. அன்று சாயங்காலம் குழாயடியில் அஞ்சலை அக்காவைப் பிடித்தேன்.

"இங்க இருக்கறதுலயே ரொம்ப கஷ்டமான பாதை எதுக்கா?"

"மேக்காட்டுப் பாதைதான். மேல் மலை ஏறி அந்தப் பக்கம் கோலா தெர்லா ரோட்டுல இறங்கும். முன்னெல்லாம் காய்கறி தூக்குறவங்க போவாங்க. இப்ப யாரு போறா? ஒரே அட்டை, ஒரே வழுக்கல். எங்க வீட்டுக்காரரே போவ மாட்டாரு."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. பாதை தேர்ந்தெடுப்பதில் இப்படி ஒரு விதியை எந்தப் புத்தகத்திலும் பார்க்க மாட்டீர்கள்: மாமியாரைக் கழற்றிவிட எது தோதோ, அதில் போ.

செவ்வாய் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். போகலாம் என்று நினைப்பவர்களுக்கு விவரம்: எஸ்டேட்டின் கடைசித் தேயிலை வரிசை முடிகிற இடத்தில் காடு தொடங்கும். அங்கிருந்து மேல் மலை முதுகு வரை ஒரு மணி நேரத்துக்குமேல் செங்குத்து. அதற்குப்பின் பாதை இரண்டாகப் பிரியும் கவடு. இடது பக்கம் இறங்கினால் முக்கால் மணியில் சாலை. முழங்கால் வரை சவுக்காரத்தைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்துக்கொள்ளுங்கள், அட்டை ஏறாது. இதை எனக்குச் சொல்லித் தேய்த்தும் விட்டவர் யார் என்று நினைக்கிறீர்கள்? மாரியாயி அத்தைதான். கையில் பாராங் கத்தியோடு தயாராக நின்றார்.

முன்னால் போய்ச் செடியை வெட்டி வெட்டி வழி விட்டுக்கொடுத்தார். நான் நாலு அடிக்கு ஒரு தடவை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கழற்றிவிட நினைத்தது அவரை, கழன்று கிடந்தது நான். கவட்டுக்கு வந்து சேர்ந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. விழுந்து கிடந்த மரத்தில் அத்தை உட்கார்ந்தார். பாராங்கைத் தரையில் குத்தி வைத்தார்.

"மாலா, ஒளிக்க வேணாம்மா. உங்கம்மா எதுக்கு உன்னை அனுப்புனாங்கன்னு எனக்குத் தெரியும். அந்தச் சப்பாத்தைப் பாத்தப்பவே தெரிஞ்சிருச்சு."

அவர் கையை நீட்டி இரண்டு பக்கமும் காட்டினார்.

"வலது பக்கம் போனா சுத்திக்கிட்டு நம்ம லைனுக்குப் பின்னால வந்துரும். இடது பக்கம் போனா ரோடு. பத்தரைக்குக் கம்போங் ராஜாவுலேருந்து பஸ் வரும், கை காட்டுனா நிப்பான். மூணு நாளா நானும் கூடக் கூட ஓடியாந்துட்டேன். எத்தனை நாளைக்கு முடியும்? ரெண்டு பேரும் போங்க. நான் இங்கதான் குந்தியிருப்பேன்."

அக்காவை அவர் பார்க்கவே இல்லை. அக்கா கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு இடது பக்கம் இறங்கினாள்.

ஆக, நான் கேட்ட தனிமை கிடைத்துவிட்டது. கிடைத்ததும் எனக்குப் பயமாக இருந்தது. அக்கா எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் பேசினாள்.

"எனக்கு இங்க முடியல மாலா. குளிரு, ஈரம், எப்பப் பாரு மூட்டம். காலையில கதவைத் தொறந்தா எதுத்தாப்புல ஒண்ணுமே இல்ல. அவரு ராத்திரியெல்லாம் பேக்டரியில, பகல்ல தூக்கம். நாலு வருசத்துல நாங்க உக்காந்து பேசுன பேச்சை ஒரு கையில எண்ணிடலாம். அவரு கெட்டவரு இல்ல. அதான்டி கஷ்டம். கெட்டவரா இருந்தா எப்பவோ வந்திருப்பேன்."

"அப்ப இவங்க? காவல் காக்குறாங்களே?"

அவள் அங்கேதான் நின்றாள். வந்த முதல் வருடத்திலேயே ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டாளாம். காட்டு வேலையிலிருந்து அப்படியே, கூடையைத் தேயிலைக்கு நடுவே இறக்கி வைத்துவிட்டு, வெறுங்காலோடு இந்தப் பாதையில்தான். சாலைக்கு வந்து பிரிஞ்சாங் பக்கம் நடக்கத் தொடங்கியபிறகு, பின்னாலிருந்து மாரியாயி அத்தை ஓடி வந்து பிடித்தாராம்.

"அடிச்சாங்களா?"

"அடிக்கல. திட்டல. வாடின்னுகூடக் கூப்பிடல. என் காலைப் பாத்தாங்க. கல்லு குத்தி ரத்தம். ‘செருப்பு இல்லாம வந்துட்டியே’ன்னு அவங்க சிலிப்பரைக் கழட்டி எனக்குப் போட்டுவிட்டாங்க. அப்புறம் வெறுங்கால்ல என் பக்கத்துலயே நடந்து வந்தாங்க. நான் போற பக்கமே வந்தாங்க மாலா. ஒரு கட்டை போயிருப்போம். அப்புறம் என்னால முடியல. அவங்க செருப்பைப் போட்டுக்கிட்டு நான் எப்படிடி ஓடிப் போறது?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவளுக்கும்தான். வீட்டுக்கு வந்து மாமியாரும் மருமகளும் கோயிலுக்குப் போய்விட்டு வந்ததாக அத்தை லைன் முழுக்கச் சொல்லிவிட்டாராம். கோவிந்தன் மாமாவுக்கு இன்றுவரை தெரியாது என்றாள். நான் புதுச் சப்பாத்தை நீட்டி, எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கலாம் என்று அந்த மனுஷியிடமே பெருமையடித்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சாலைக்கு வந்தோம். கோசும் கீரையும் ஏற்றிய லோரிகள் போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் பஸ் வந்தது. நான் கை காட்டினேன், நின்றது. ஓட்டுநர் மலாய்க்காரர், ஏறுகிறீர்களா என்று மலாயில் கேட்டார். நான் அக்காவின் கையை இழுத்தேன்.

"ஏறுக்கா. துணிமணி கெடக்கட்டும். அம்மா எதையும் கேக்க மாட்டாங்க."

அவள் படியில் ஒரு காலை வைத்தாள். பிறகு மலையைப் பார்த்தாள். "அங்க உக்காந்திருக்காங்கடி."

"இருக்கட்டும்."

"நான் வரலன்னா எவ்வளவு நேரம் உக்காந்திருப்பாங்க?"

அவள் காலைக் கீழே இறக்கினாள். ஓட்டுநர் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

"நான் வர்றேன் மாலா," என்றாள் அக்கா. "அம்மாகிட்டதான் வர்றேன். இங்க என்னால இருக்க முடியாது. ஆனா ஒரு தடவை சொல்லாம கிளம்பிட்டேன். இன்னொரு தடவை அப்படிப் போவ மாட்டேன்."

முக்கால் மணியில் இறங்கிய பாதையை ஏற ஒன்றரை மணி ஆனது. கவட்டில் அத்தை உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அந்த முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அக்கா இருக்கத்தான் வருகிறாள் என்று நினைத்துவிட்டார். அக்காவும் அதைப் பார்த்தாள். பார்த்தும் கிட்டே போய் நின்றாள்.

"அத்தை, நான் அம்மா வீட்டுக்குப் போறேன். நாளைக்கு மாலாவோட. வருவேனான்னு தெரியல. வர்றேன்னு பொய் சொல்ல மனசு வரல."

அத்தையின் முகம் மெல்ல மெல்ல அடங்கியது. தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"கோவிந்தன்கிட்ட சொல்லிட்டியா?"

"உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்."

அவர் மறுபடியும் மரத்தில் உட்கார்ந்தார்.

"அன்னிக்குக் கூடை மட்டும் கெடந்துச்சு. நீ எந்தப் பக்கம் போனேன்னு தெரியல. கத்திக்கிட்டே நாலு காட்டுலயும் ஓடுனேன். ஓடைக்குள்ளயெல்லாம் எட்டி எட்டிப் பாத்தேன், சரசு. தண்ணியில சீலை தெரியுதான்னு பாத்தேன். அதுலேருந்து நீ கண்ணுக்கு மறைஞ்சாலே எனக்கு அதுதான் நெனப்பு." மூக்கை உறிஞ்சினார். "போவாதன்னு நான் சொல்ல மாட்டேன். இப்ப எங்க போறேன்னு எனக்குத் தெரியுதுல்ல. அது போதும்."

மூன்று நாளாக நான் திட்டித் தீர்த்த அந்தக் காவல் என்னவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் வாய்விட்டு அழுதேன். அவர்கள் இருவரும் அழவில்லை. அத்தை எழுந்து, "மழை வரப்போவுது, நடங்க" என்று பாராங்கை எடுத்துக்கொண்டார். அவர் எங்களுக்கு முன்னால் போனார், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் பஸ் நிற்கும் இடம் வரை அக்காவின் பெட்டியைத் தலையில் தூக்கி வந்தவர் அத்தைதான். கோவிந்தன் மாமா வேலை முடிந்து நேராக அங்கே வந்தார், சட்டையெல்லாம் தேயிலைத் தூள். அக்காவோடு ஓரமாக நின்று நிறையப் பேசினார். பதினோரு மாதம் கழித்து அவரும் மலையை விட்டு இறங்கி, எங்கள் ஊரில் ஒரு படகுப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அதற்குள் நடந்த பேச்சுவார்த்தையும் பஞ்சாயத்தும் ஒரு பயணக் கட்டுரைக்குள் அடங்காது. அத்தை மட்டும் வரவில்லை. கடற்காற்று கசகசக்கிறதாம். வருடா வருடம் எஸ்டேட் கோயில் திருவிழாவுக்கு அக்காதான் மேலே போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வருவாள். அத்தை கண்மூடியபோதும் பக்கத்தில் இருந்தது அவள்தான்.

இப்போது போகிறவர்களுக்கு: சிம்பாங் பூலாய் வழியாகப் புதுச் சாலை வந்துவிட்டது, கம்போங் ராஜா வழியாகவே ஏறிவிடலாம், வளைவும் குறைவு. பாசிக் காட்டுக்குள் இஷ்டத்துக்கு நுழைய முடியாது, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். தேயிலைக்குள் நடக்கும்போது கொழுந்து பறிப்பவர்கள் வந்தால் ஒதுங்கி வழி விடுங்கள், அவர்கள் முதுகில் பாரம் இருக்கிறது. மேக்காட்டுப் பாதையில் பாதிக்குமேல் இன்று காய்கறித் தோட்டமாகிவிட்டது, கவடு இருந்த இடம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. சவுக்காரம், டார்ச் லைட், மழைச் சட்டை கட்டாயம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. புறப்படும்முன், எந்தப் பாதையில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று தங்கியிருக்கும் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பி வருவதாக இல்லை என்றாலும் சொல்லிவிட்டுப் போங்கள். உங்களை நினைத்து ஒருவர் ஓடை ஓடையாக எட்டிப் பார்க்கும்படி வைத்துவிடாதீர்கள்.